இருபதாவது நிமிடம்

எங்கள் வேலையைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். உட்கார்ந்து பாட்டில் பார்ப்பது. அவ்வளவுதான். எதிரே ஆளுயர வெள்ளை விளக்குப் பெட்டி, அதற்கு முன்னால் பெல்ட்டு, பெல்ட்டின் மேல் சூளையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள், நிமிடத்துக்கு நூற்றிருபது. கழுத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலோ அடியில் குமிழி இருந்தாலோ கையை நீட்டி எடுத்து, வலப்பக்கம் இருக்கும் உடைசல் தொட்டியில் போட வேண்டும். இதில் என்னய்யா கஷ்டம் என்று கேட்பவர்களை ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் போதும். இருபது நிமிடத்துக்கு மேல் மனுஷக் கண் திறந்தேதான் இருக்கும், ஆனால் எதையும் கவனிக்காது. கீறல் விட்ட பாட்டில் சலாம் போட்டுவிட்டுப் போகும், கண் வழியனுப்பி வைக்கும்.

அதனால் ஒரு விளக்குப் பெட்டிக்கு இரண்டு ஆள். ஒருவர் இருபது நிமிடம் பார்த்தால், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ள வேண்டும். முறை மாறும்போது மேஜையில் இரண்டு தட்டு. தட்டியவர் கண்ணை எடுத்துவிடலாம். தட்டு கேட்டவர் அந்த நொடியிலிருந்து பொறுப்பு. நடுவில் ஒரு பாட்டில்கூட ஆள் பார்க்காமல் போகக் கூடாது. தலைக்கு மேல் நேரம் காட்ட ஒரு சிவப்பு விளக்கு உண்டு, ஆனால் எங்கள் இருவருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பதினாலு வருஷம் பழகிய கண், நேரம் ஆனால் தானாகவே போய்விடும்.

என் ஜோடியை ஆலையில் எல்லோரும் விசிலண்ணன் என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போவார். பதினொரு வருஷமாகப் போகிறார். மற்ற நாட்களில் அவர் இருக்கிற இடம் தெரியாது. டீக்கடையில் அவருக்கு முன்னால் நாலு பேர் நுழைந்து வாங்கிக்கொண்டு போவார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார். விசிலை வாயில் வைத்துவிட்டால் இருபத்திரண்டு பேர் நிற்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மனுஷன் வாரம் முழுக்க பாட்டில் பார்த்தார் என்று நான் நினைப்பதுண்டு.

அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். சாப்பாடு கீழே, அண்ணி கையால். அந்த வீட்டின் முன்னறையில் அண்ணியின் தம்பி இருந்தான். பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது, நெட்டை என்றுதான் ஊரே கூப்பிடும். நிலைப்படியில் குனியாமல் அவன் உள்ளே வந்து யாரும் பார்த்ததில்லை. பஸ் டிப்போவில் ஆறு வருஷமாகத் தற்காலிக ஆள். விடியற்காலையில் போய் மதியம் வரை பஸ் கழுவுவான். எந்நேரமும் தண்ணீரில் ஊறி அவன் விரல்கள் சுருங்கியே இருக்கும். டிப்போ அணிக்கு அவன்தான் கோல்கீப்பர்.

அந்த வருஷம் டிப்போ மேலாளர் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கோப்பை வந்தால் அணியில் இருக்கும் தற்காலிக ஆட்களில் மூன்று பேருக்கு நிரந்தர வேலை, அதில் முதல் பெயர் நெட்டையுடையது. வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள், கழுவுகிற வேலையைக் காண்டிராக்டில் வெளியாளிடம் விடுவார்கள். ஆறு வருஷம் பஸ் கழுவியவன் அடுத்த மாதம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது அந்த வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூடத் தெரியும்.

இறுதி ஆட்டம் டிப்போவுக்கும் மாவு மில்லுக்கும். அதற்கு வர வேண்டிய நடுவர் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். லீகில் இருப்பதே மூன்று விசில்தான், மூன்றாமவர் ஊரில் இல்லை. செயலாளர் விசிலண்ணனைக் கேட்டபோது அவர் மறுத்தார், மச்சான் ஆடுகிறான், வேண்டாம் என்றார். செயலாளர் இரண்டு அணியையும் கேட்டார். மில்காரர்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். "மச்சானுக்கே மஞ்சள் அட்டை காட்டுன ஆளு, அவரே வரட்டும்" என்றார்களாம். அது உண்மை. போன வருஷம் நேரத்தைக் கடத்தினான் என்று நெட்டைக்கு அட்டை காட்டினார். அன்றைக்கு வீட்டில் அவருக்கு இரண்டாவது தடவை சோறு விழவில்லை.

ஆட்டத்தை எழுத எனக்கு வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் பாதியில் கோல் இல்லை. வெயில் மண்டையில் அடித்தது. இரண்டாம் பாதி இருபதாவது நிமிடத்தில் மில் அணிக்கு ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் எம்பினான். நெட்டையும் எம்பினான். பந்து ஒன்பதாம் நம்பரின் முன்கையில் பட்டுக் கீழே விழுந்தது. நெட்டை காலூன்றி நின்று, வலக்கையை நேராக மேலே தூக்கி, "ஹேண்ட்!" என்று கத்திக்கொண்டு நடுவர் பக்கம் திரும்பினான். பந்து அவனுக்கு இரண்டடி தள்ளி மெதுவாக உருண்டு, கோட்டைத் தாண்டி வலைக்குள் போய் நின்றது. எங்கள் வீட்டுப் பூனைகூடப் பிடித்திருக்கும், அவ்வளவு மெதுவாக.

அப்போது விசிலண்ணன் மைதானத்துக்கு வெளியே உயரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று. எனக்கு அது புதிதில்லை. அவர் நடத்திய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன், இருபது நிமிடம் ஆனால் முகம் தானாக மேலே போகும், ஏதாவது மரத்தையோ கூரையையோ தொட்டுவிட்டுத் திரும்பும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார் போல என்று ஜனங்கள் மரியாதையாக நினைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பந்து எப்போதும் நடுமைதானத்திலோ வெளியிலோ கிடக்கும். பதினொரு வருஷம் அதிர்ஷ்டம் கூடவே ஓடியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கண் போன அந்த நொடியில் என் கண் பந்தின் மேல் போய் உட்கார்ந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை, பதினாலு வருஷத்துப் பழக்கம் அப்படி. முன்கையில், மணிக்கட்டுக்கு மேல் நாலு விரற்கடை தள்ளிப் பட்டது. நான் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்தவன் பார்த்து என்ன பிரயோஜனம்?

அவர் திரும்பியபோது பந்து வலையில் கிடந்தது. மில்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள். டிப்போக்காரர்கள் பதினொரு பேரும் கையைத் தூக்கி நின்றார்கள். லைன்ஸ்மேன் கொடியைத் தொங்கவிட்டு நடுவரையே பார்த்தார், தனக்கு முன்னால் ஒரு தடியன் நின்று மறைத்திருக்கிறான். விசிலண்ணன் வலையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், நெட்டையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி நடுக்கோட்டைக் காட்டினார். கோல்.

ஆட்டம் அந்த ஒரு கோலில் முடிந்தது. வீடு வரை நானும் அவரும் நடந்தே வந்தோம். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. வாசலில் ஷூவைக் கழற்றும்போது, "நாளைக்கு முதல் முறை உன்னுதா என்னுதா?" என்றார். "உங்களுது" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் தேவலை. நெட்டை வழக்கம்போல விடியலில் போனான், மதியம் வந்தான், தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான். எங்களுக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு மேல்தான் சாப்பாடு. பருப்பும் அவித்த முட்டையும் இருக்கும். அண்ணி பரிமாறுவார், நாங்கள் தின்போம், யாரும் யாரையும் பார்க்க மாட்டோம். வானம் அந்த வாரம் முழுக்க மூடியே கிடந்தது. பெய்யவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. கொடியில் போட்ட துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. எனக்குக் கோபமோ வருத்தமோ எதுவும் வரவில்லை, கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் டிப்போ அணியின் கேப்டன் வந்தார். பஸ் டிரைவர், தொண்டை பெரிது. நெட்டை அப்போது வீட்டில் இல்லை.

"அண்ணே, சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். நீங்க எங்க நின்னீங்க?"

"பெனால்டி பெட்டிக் கோட்டுக்கு அஞ்சடி வெளியில."

"அங்கேருந்து நல்லாத் தெரியுமே?"

"தெரியும்."

"அப்புறம்?"

விசிலண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கைன்னா என்ன? தோள் எங்க முடியுது, கை எங்க ஆரம்பிக்குது, சொல்லு பாப்போம்" என்றார். வாத்தியார்போல நிதானமாகத்தான் கேட்டார். ஆனால் கண் தட்டை விட்டு மேலே வரவில்லை.

டிரைவர் சுற்றிலும் பார்த்தார். அடுப்பு மேடையில் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "தம்பி, நீ இந்தப் பக்கத்துலேருந்து தூக்கிப் போடு. நான்தான் ஒன்பதாம் நம்பர். அண்ணே, பாருங்க." நான் போட்டேன். அவர் எம்பினார். முட்டைக்கோஸ் அவர் முன்கையில் பட்டுத் தரையில் விழுந்து, உருண்டு, அண்ணியின் காலடியில் போய் நின்றது.

"இது கையா, தோளா?"

"அத நான் இன்னும் நறுக்கணும்" என்றார் அண்ணி. குனிந்து எடுத்துக் கழுவப் போனார். நான் சிரித்திருப்பேன். என் கைதான் அதைச் சரியாக அந்த இடத்தில் படும்படி போட்டது என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

"விசில் ஊதல. ஊதலன்னா கோல்" என்றார் விசிலண்ணன்.

"செயலாளர்கிட்டப் பேசிட்டேண்ணே. நடுவர் பாத்து எடுத்த முடிவுன்னா கமிட்டி தொடாதாம். நான் ஆட்டத்தப் பாக்கலன்னு நடுவரே எழுதிக் குடுத்தா மட்டும் அந்த நிமிஷத்துலேருந்து மறுபடி ஆடணுமாம். உங்க ரிப்போர்ட்டு சனிக்கிழமைக்குள்ள போகணும்."

"அப்படி எழுதுனவனுக்கு இந்த லீகுல அப்புறம் விசில் கிடையாது. அதையும் சொன்னாரா?"

"சொன்னாரு" என்றார் டிரைவர். "நீங்க நேர்மையான ஆளுண்ணே. அதுதான் எங்க கெட்ட நேரம். மச்சானுக்குக் குடுத்துட்டான்னு ஊர் பேசுமேன்னு பயந்து எங்க வயித்துல அடிச்சுட்டீங்க." போகும்போது, "ஆட்டத்த நம்ம பையன் ஒருத்தன் போன்ல எடுத்திருக்கான். உங்களுக்கு அனுப்புறேம்மா, நீங்களே பாருங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீடியோ புதன்கிழமைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில், ஆலைக் கேண்டீனில், எங்கே பார்த்தாலும் நாலு தலை ஒரு போன்மேல் கவிழ்ந்திருக்கும். ஒன்பதாம் நம்பரின் கையை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்ப்பார்கள். பெரிசாக்க ஆக்கக் கை கட்டம் கட்டமாகப் போய் ஒன்றும் தெரியாது. சட்டைக் கையில் பட்டது என்பான் ஒருவன். சட்டைக்குள்ளே என்ன, கால் இருக்கிறதா என்பான் இன்னொருவன். பட்டதா, அவனாகத் தட்டினானா, கை உடம்போடு ஒட்டியிருந்ததா, விரிந்திருந்ததா. பத்துத் தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தவர்களுக்கே முடிவு தெரியவில்லை. ஒரே ஒரு தடவை, திருப்பிப் போட முடியாமல் பார்க்க வேண்டியவரைத் திட்டுவதில் மட்டும் எல்லோருக்கும் ஒருமித்த கருத்து இருந்தது.

வியாழக்கிழமை நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி தட்டு வைக்கவில்லை. அடுப்பில் பருப்பு கொதித்தது. போனை மேஜையில் வைத்து ஓட்டினார்.

"எல்லாரும் அந்தப் பையன் கையவே பாக்குறாங்க" என்றார். "நான் உங்க மூஞ்சியப் பாத்தேன்."

படத்தின் இடது மூலையில், விரல் நகத்தளவில், கறுப்புச் சட்டையில் ஒரு ஆள் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"எங்க பாக்குறீங்க நீங்க?"

"தண்ணித் தொட்டிய."

"எதுக்கு?"

விசிலண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருபது நிமிஷம் ஆயிடுச்சு."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை. "எங்கிட்டப் பேசிட்டு இருக்கும்போதும் இப்படித்தான் போவீங்க. எங்கம்மா செத்த சேதி வந்தப்ப, நான் உங்க கையப் புடிச்சு அழுதுட்டே சொல்லிட்டு இருந்தேன், நடுவுல நீங்க ஜன்னலப் பாத்தீங்க. சரி, வேலைக் களைப்புன்னு விட்டுட்டேன். பதினாலு வருஷமா நான் விட்டுட்டேன். அங்க யாருங்க விடுவாங்க?"

"எனக்கே தெரியாமப் போகுது. திரும்பிப் பாத்தா வலைக்குள்ள கெடக்கு. நான் என்ன பண்ணட்டும்? ஆலையில சந்தேகம் வந்தா எடுத்துத் தொட்டில போட்டுடலாம், நல்ல பாட்டிலா இருந்தாலும் குத்தமில்ல. கிரவுண்டுல சந்தேகம் வந்தா ஊதக் கூடாது. பாக்காதத குடுக்க முடியாது. அவன் கையத் தூக்கிட்டு நிக்குறான், என் மச்சான் கையத் தூக்குறான்னு ஊதிட முடியுமா? சட்டப்படிதான் செஞ்சேன்."

"சட்டப்படிதான் செஞ்சீங்க. நான் இல்லேங்கல. ஆனா பாக்கல."

"பாக்கல."

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அண்ணி எழுந்து அணைத்துவிட்டு, திரும்பாமலே என்னைக் கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணி."

"கையில பட்டுச்சா?"

"பட்டுச்சு. நான் பாத்தேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையிலேருந்து."

"நாலு நாளா இங்க உக்காந்து முட்டை உரிச்சுத் தின்னீங்களே."

பதினாலு வருஷத்தில் அண்ணி என்னைச் சொன்ன ஒரே கடுஞ்சொல் அது. வெட்கமாக இருந்தது. அந்த வாரத்தில் எனக்கு முதன்முதலாக உறைத்தது அதுதான். அண்ணி தட்டுகளை எடுத்து வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். அன்றைக்கு அடிப்பிடித்த வாடை.

மறுநாள் வெள்ளி. ஷிப்ட் முடிந்து வந்ததும் விசிலண்ணன் லீக் கொடுத்த தாளை மேஜையில் விரித்துவைத்து எழுதினார். எழுதுவார், கிழிப்பார். நாலாவது தாளை என்னிடம் நீட்டினார். "இரண்டாம் பாதி இருபதாவது நிமிடத்தில் பந்து கோலுக்குள் சென்றபோது நான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கையில் பட்டதா என்பது எனக்குத் தெரியாது." அவ்வளவுதான் இருந்தது.

"வெயில் கண்ணக் கூசுச்சுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமேண்ணே" என்றேன். "விசில் தப்பிச்சாலும் தப்பிக்கும்."

"வெயில் எனக்குப் பின்னாடிதானே இருந்துச்சு" என்றார்.

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். போயிருக்க வேண்டாம், ஆனால் போனேன். நெட்டை குழாயடியில் குந்தி, அவனுடைய கீப்பர் கையுறைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். இனி எதற்கு அந்தக் கையுறை என்று எனக்குத் தோன்றியது. பஸ் கழுவுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது போல.

"மாப்ள" என்றார் விசிலண்ணன். ஐந்து நாளைக்குப் பிறகு அவனைக் கூப்பிடுகிறார்.

அவன் குழாயை மூடினான்.

"அன்னிக்கு நான் பாக்கல. வேற எங்கயோ பாத்துட்டு இருந்தேன்."

"தெரியும் மாமா."

"அக்கா சொன்னாளா?"

"அக்கா எங்க சொன்னா? நான் உங்களத்தான பாத்துட்டு நின்னேன்" என்றான் நெட்டை. "தண்ணித் தொட்டியப் பாத்தீங்க."

விசிலண்ணன் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமையே தெரியுமா? டிரைவர்கிட்டச் சொல்லியிருந்தா அன்னிக்கே…"

"சொன்னா உங்க விசில் போயிடும்ல."

"உன் வேலை போகுதேடா."

நெட்டை கையுறையைப் பிழிந்தான். பிழிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான். "உங்க மேல கோவம்னு நெனச்சீங்களா? ரெண்டடி மாமா. ரெண்டடி வெச்சு விழுந்திருந்தா வயித்துல அணைச்சிருப்பேன். பட்டுச்சோ படலையோ, எனக்கென்ன? கீப்பர் வேலை பந்தப் பிடிக்கிறது. மத்த எந்த நடுவரா இருந்தாலும் விழுந்திருப்பேன். நீங்கன்னுதான் நின்னுட்டேன். நீங்க பாத்திருப்பீங்கன்னு."

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. விசிலண்ணன் அதை எழுந்துபோய் இறுக்கி மூடினார். பையிலிருந்து தாளை எடுத்து அவனிடம் கொடுத்தார். அவன் ஈரக் கையோடு வாங்கிப் படித்தான். ஓரத்தில் அவன் விரல் தடம் படிந்தது. படித்துவிட்டு மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்துக் கொடுத்தான்.

"குடுத்துடுவீங்களா?"

"இப்பவே."

"சரி மாமா" என்றான். வேண்டாம் என்று அவன் சொல்லுவான் என்று நான் நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார். அவன் சொல்லவில்லை.

கமிட்டி அதை வாங்கிக்கொண்டது. கறுப்புச் சட்டையையும் அட்டைகளையும் விசிலையும் செயலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். செயலாளர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். "இருபத்தாறு வருஷமா இங்க உக்காந்திருக்கேன், இப்படி ஒரு ரிப்போர்ட்டப் பாத்ததில்ல" என்றாராம். பாராட்டா, திட்டா என்று இவருக்குப் புரியவில்லை. அண்ணி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்க தோஷத்தில் கறுப்புச் சட்டைக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தலையணை உறைகளைத் தேய்த்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மறு ஆட்டம். இருபதாவது நிமிடத்திலிருந்து, கோல் இல்லை என்று வைத்து, மீதி இருபத்தைந்து நிமிடம். நடுவர் வெளியூரிலிருந்து வந்தார். நானும் விசிலண்ணனும் மரப் படிக்கட்டில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி ஆறு இடம் காலியாக இருந்தது. மில்காரர்களுக்கு அவர் துரோகி, டிப்போக்காரர்களுக்கு இன்னும் சந்தேகம். வானம் அப்படியே மூடிக் கிடந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். மறு ஆட்டம் தொடங்கிய ஒன்பதாவது நிமிடத்தில் டிப்போ ஒரு கோல் போட்டது, அதுவே போதுமானதாக இருந்தது. கோப்பை வந்தது. மேலாளரும் வாக்கைக் காப்பாற்றினார், மூன்று மாதத்தில் நெட்டைக்கு உத்தரவு வந்தது. டிப்போவிலேயே அவனுக்கு ஒரு அறையும் கொடுத்தார்கள், பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போதும் அவன் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். நான் சொல்ல வந்தது அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியை.

இருபதாவது நிமிடம் நெருங்கியபோது எனக்கு ஆட்டத்தில் மனம் போகவில்லை, பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்த்தேன். முன் வரிசைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்டியது, அழுகை இல்லை, இமைக்காததால். இருபது ஆனது. கண் போகவில்லை. பிடித்து நிறுத்திவைத்திருந்தார். இருபத்தொன்று ஆனது.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் அதே ஓரத்திலிருந்து மறுபடி ஒரு பந்து உயரமாக வந்தது, என் கண் தானாக அதன் மேல் போனது. அதே ஒன்பதாம் நம்பர் எம்பினான். பந்து அவன்மேல் எங்கேயோ பட்டுக் கீழே விழுந்தது. டிப்போக்காரர்கள் பத்துப் பேரும் கையைத் தூக்கிக்கொண்டு "ஹேண்ட்!" என்று கத்தி நடுவரைப் பார்த்தார்கள். தோளில் பட்டதா, கையில் பட்டதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இந்த முறையும் நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெட்டை கையைத் தூக்கவில்லை. கத்தவில்லை. நடுவர் இருந்த பக்கமே அவன் தலை திரும்பவில்லை. இரண்டடி வைத்து, மரம் சாய்வதுபோல விழுந்து, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அணைத்தபடியே மண்ணில் முகம் புதைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தான்.

"பாத்தியா?" என்றார் விசிலண்ணன். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "அவன் யாரையும் பாக்கல."

"பாத்தேன்" என்றேன்.

அவர் பலகையை விட்டுக் கையை எடுத்தார். என் முழங்காலில் இரண்டு முறை தட்டினார். முகத்தைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் திருப்பிக்கொண்டார். மீதி மூன்று நிமிடத்தையும் நான்தான் பார்த்தேன்.